ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்தாயிற்று, இனி எந்த வழியில் போவது?

கேள்வி: வேடசந்தூர் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு முடித்தபின் ஓராண்டு அப்பாவுடன் நூற்பாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்து, இரண்டாண்டு படித்து, இந்த ஆண்டு தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. செய்முறைத் தேர்வில் மோட்டார் ஸ்டார்ட்டர் இணைப்பு எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இப்போது என் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் வீட்டு வயரிங் செய்யும் ஒருவர் நாளொன்றுக்கு 600 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறார். அப்பா வேலை பார்க்கும் மில்லிலேயே எலக்ட்ரீசியன் உதவியாளராகச் சேரலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். திருச்சியில் ஒரு பொதுத்துறை ஆலையில் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஆனால் அங்கே கிடைக்கும் உதவித்தொகையில் அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. நான்காவதாக, சவூதி அரேபியாவில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். அதற்கு 1,40,000 ரூபாய் கேட்கிறார். தங்கையின் படிப்புக்காக வாங்கிய கடன் இருப்பதால் அப்பாவுக்கு அந்த வழிதான் சரியென்று தோன்றுகிறது. அம்மாவுக்கு நான் ரயில்வேயில் சேர வேண்டும் என்று ஆசை. நான் மூக்குக்கண்ணாடி அணிபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து ஆண்டு கழித்து நல்ல நிலையில் இருக்க இப்போது எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: மின் ஒப்பந்ததாரர், ஈரோடு

தம்பி, நான் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளில் பலர் அதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே ஐந்தாறு ஆண்டுகளைக் கடத்திவிடுகிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நீங்கள் படித்ததற்கான சான்று. மின் நிறுவல் வேலை செய்வதற்குச் சட்டம் கேட்பது வேறொன்று. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். அதுவும் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். அந்தச் சான்றிதழையும் உரிமத்தையும் தமிழ்நாட்டில் வழங்குவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். எலக்ட்ரீசியன் பிரிவில் தேறியவர் என்ற முறையில் கம்பியாளர் தகுதிச் சான்றிதழுக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். எந்த வழியில் போவதாக இருந்தாலும் அதை இந்த ஆண்டே வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் சான்றிதழ் அதற்கு அடுத்த படி, பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கு அது எளிதில் கைகூடும். அதன்பிறகு ஒப்பந்ததாரர் உரிமம். இந்த மூன்று படிகளும் ஏறாதவர் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் இன்னொருவரின் உரிம எண்ணின் கீழ்தான் வாழ்நாள் முழுக்க வேலை செய்ய வேண்டியிருக்கும். என்னைவிட நன்றாக வயரிங் செய்யும் 50 வயதுக்காரர் ஒருவர் இன்றைக்கும் என்னிடம் நாள்கூலிக்கு வருகிறார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படுகிறது.

உங்கள் ஊர்க்காரர் தரும் 600 ரூபாயைப் பற்றி. வீட்டு வயரிங்கில் காசு இருக்கிறது, ஆனால் யாரிடம் கற்றுக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். அவர் எர்த்திங் குழி எடுத்தபின் அதன் மின்தடையை அளக்கிறாரா, வேலை முடிந்ததும் மெகர் என்ற கருவியை வைத்துக் கம்பி உறையின் காப்புத்தடையைச் சோதிக்கிறாரா, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் வீட்டை ஒப்படைக்க மறுக்கிறாரா என்று ஒரு வாரம் கூட இருந்து பாருங்கள். இவற்றைச் செய்யாதவரிடம் சேர்ந்தால் சுவர் வெட்டுவதும் பைப் பதிப்பதும்தான் கைக்கு வரும்.

கூரைமேல் சூரிய மின்தகடு அமைப்பது இப்போது எங்களுக்குப் பெரிய வேலையாக வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் நடுத்தரக் குடும்பங்களும் கேட்கின்றன. ஆனால் மாறுதிசை மின்சாரத்தில் மட்டும் பழகிய கை இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் நேர்திசை மின்சாரம் வரும். வெயில் இருக்கும்வரை அதை அணைத்துவைக்க வழி கிடையாது, இணைப்பு தளர்ந்து தீப்பொறி எழுந்தால் அது தானாக அணையவும் செய்யாது. முறையாகக் கற்றவர்கள் இங்கே குறைவு, அதனால் கற்றவருக்கு மதிப்பு உண்டு.

பொதுத்துறை ஆலைப் பயிற்சியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பெரிய ஆலைகளில் பழகுநர்களை ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே வேலையைச் செய்யவைப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கே இருந்தவர்கள் சொன்னால் நல்லது.


பதில்: ஓய்வு பெற்ற மின்பாதை ஆய்வாளர், தஞ்சாவூர்

தம்பிக்கு வணக்கம். மின்வாரியத்தில் உதவியாளராகச் சேர்ந்து, கம்பியாளராகி, மின்பாதை ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அரசு வேலை என்பது அம்மாவின் ஆசையாக மட்டும் உங்கள் கேள்வியில் வந்திருக்கிறது, உங்கள் ஆசையா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தின் பகிர்மானப் பிரிவு 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியனுக்கும் வயர்மேனுக்கும் உரிய பணி கள உதவியாளர். 2019இல் கம்பம் நடுவது போன்ற களவேலைக்கான கேங்மேன் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது கல்வித்தகுதி ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் கூட்டம்கூட்டமாகக் கம்பம் ஏறும் சோதனைக்கு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். படிப்புக்கேற்ற பணிக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லாமற்போனதே அதற்குக் காரணம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே அவ்வளவு ஆண்டுகள் போய்விடுகின்றன. இப்போது ஆள்சேர்ப்பு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக நடப்பதால் தமிழ்த் தகுதித் தாள், பொது அறிவு, தொழிற்பாடம் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வேண்டும். அதற்காக வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து படிக்காதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ரயில்வேயைப் பற்றி அம்மாவுக்கு நீங்கள் பொறுமையாக விளக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் ரயில் ஓட்டுநருக்கு உதவியாளரான உதவி லோகோ பைலட் பணிக்கான தேர்வை எழுதலாம், 2024 அறிவிப்பில் பணியிடங்களின் எண்ணிக்கையை 18,799 ஆக உயர்த்தினார்கள். ஆனால் அந்தப் பணிக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமலேயே இரு கண்களிலும் முழுத் தூரப்பார்வை இருக்க வேண்டும், லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஏற்பதில்லை. எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறி, மருத்துவச் சோதனையில் திரும்பி வந்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் டெக்னீஷியன் கிரேடு மூன்று பணியை நோக்கிப் படியுங்கள். அதற்கும் உதவி லோகோ பைலட்டுக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றே, 19,900 ரூபாயில் தொடங்குகிறது. பார்வைத் தகுதி அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல என்றாலும், அறிவிப்பில் ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த மருத்துவத் தரம் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, பொன்மலைப் பணிமனை ஆகிய இடங்களில் ஆண்டுதோறும் தொழிற்பழகுநர்களை எடுக்கிறார்கள். ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் ஒன்று எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. அதையும் மனத்தில் வையுங்கள்.

மின்பாதை வேலையின் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் பகுதியில் நிமிர்ந்து நின்ற கம்பத்தைத் தேட வேண்டியிருந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. கேரளத்திலிருந்தெல்லாம் ஊழியர்கள் வந்து எங்களோடு வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். வாரக்கணக்கில் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கிராமத்துக்கு மின்சாரம் திரும்பிய இரவில், விளக்கு எரிந்ததும் தெருவே எழுந்து வந்து எங்களுக்குச் சோறு போட்டது. அந்த வேலையில் நான் கண்ட நிறைவு சம்பளத்தில் வந்ததல்ல.

அதே வேலையில் கூட இருந்தவரை இழந்தும் இருக்கிறேன். பாதையை அணைத்தாயிற்று என்ற அனுமதியான லைன் கிளியர் வாங்கியிருந்தும், பாதையைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போடாமல் கம்பம் ஏறினார். யாரோ ஒரு வீட்டில் ஓடிய ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகப் பாதைக்குள் வந்தது. இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது, சூரிய மின்தகடுகளும் ஏறிக்கொண்டிருக்கின்றன. பாதையை அணைத்துவிட்டார்கள் என்று யார் சொன்னாலும், நீங்களே சோதித்து, நீங்களே எர்த் செய்யாமல் கம்பியில் கை வைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் இதை மறக்க வேண்டாம்.


பதில்: 11 ஆண்டு வளைகுடாவில் இருந்தவர், இராமநாதபுரம்

தம்பி, அந்த 1,40,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் சேவைக் கட்டணமாகச் சட்டப்படி வாங்கக்கூடிய உச்சத்தொகை 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதையும் ரசீதோடு வாங்க வேண்டும். நான்கு மடங்குக்கு மேல் கேட்பவர் பதிவு பெற்றவராக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றிய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, எலக்ட்ரீசியன் பணிக்கான அறிவிப்புகளை அவர்களும் வெளியிடுகிறார்கள், அங்கே பதிந்துவையுங்கள்.

உங்கள் நிலையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர் என்பதால் உங்கள் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்ற நிலைதான் இருக்கும். பலர் இதை ஒரு பெருமையாக நினைக்கிறார்கள். ஆனால் படிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தைக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் பார்த்துத்தான் அனுப்பும், காப்பீடும் கட்டாயம். உங்கள் ஒப்பந்தத்தை அப்படிப் பார்க்க யாரும் இல்லை, நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், மிகைநேரக் கணக்கு, தங்குமிடம், திரும்பும் விமானச்சீட்டு ஆகிய ஐந்தும் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் முதன்முறை போனபோது எலக்ட்ரீசியன் என்று சொல்லி அழைத்துப் போனார்கள், இறங்கியதும் கையில் கொடுத்தது கேபிள் இழுக்கும் கூலி வேலை. கடனை அடைக்க இரண்டரை ஆண்டு ஆயிற்று, ஒரு ரூபாய் சேர்க்கவில்லை.

அடுத்ததாக அனுபவம். நல்ல நிறுவனங்கள் குறைந்தது இரண்டு, மூன்று ஆண்டு அனுபவம் கேட்கும். உங்களிடம் அது இல்லை, ஆகவே முகவர் போலி அனுபவச் சான்றிதழ் ஒன்றைத் தயார் செய்வார். சவூதியில் இப்போது எலக்ட்ரீசியன் உள்ளிட்ட பல தொழில்களுக்குத் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே நடத்துகிறார்கள். செய்முறையும் உண்டு. போலிச் சான்றிதழ் அங்கே உதவாது.

போவதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. என் இரண்டாவது பயணத்தில், கத்தாரில், கம்பி செல்லும் கான்ட்யூட் குழாயை வளைப்பது முதல் கேபிளைக் கிளாண்ட் போட்டு இறுக்கி முனைகளை இணைப்பது வரை ஒழுங்காகக் கற்று ஃபோர்மேன் ஆனேன். ஊரில் வீடு கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். வரைபடத்தைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கும், சொன்னதை மட்டும் செய்பவருக்கும் சம்பளத்தில் அங்கே பெரிய இடைவெளி உண்டு. எனவே வரைபடம் படிக்கும் பழக்கத்தை இங்கேயே உண்டாக்கிக்கொண்டு போங்கள்.

கம்பி நிறத்தையும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நாம் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றை மின்சாரம் வரும் ஃபேஸாகவும் கறுப்பை அது திரும்பும் நியூட்ரலாகவும் படித்தவர்கள். சர்வதேச முறையில் ஃபேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். நம் ஊரில் நியூட்ரலாக இருந்த கறுப்பு அங்கே உயிர்க்கம்பி. பழக்கத்தில் கை போய்விடும், என்னுடன் வந்த ஒருவருக்குப் போனது. பிழைத்துக்கொண்டார்.


வேடசந்தூர் மாணவர்

ஐயாவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் மிக்க நன்றி. வளைகுடா அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். முகவரிடம் பதிவு எண் கேட்டோம், நாளை தருகிறேன் என்று சொல்லி ஒரு வாரமாகிறது. அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கண் பார்வை விவரம் எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது.

இப்போது மில்லா, திருச்சிப் பயிற்சியா என்ற கேள்விதான் மிஞ்சியிருக்கிறது. மில்லில் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் வரும், திருச்சியில் ஓராண்டுக்கு வராது. ஈரோட்டு அண்ணன் சொன்னதுபோல ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.


பதில்: பராமரிப்பு டெக்னீஷியன், ஒரகடம்

வணக்கம் தம்பி. நான் ஒரு வாகன உதிரிப்பாக ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஐ.டி.ஐ. வகுப்பில் இருந்த 20 பேரில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

நான் பழகுநர் பயிற்சிக்குப் போகவில்லை. உங்கள் வீட்டைப்போல எங்கள் வீட்டிலும் உடனே பணம் தேவைப்பட்டது. தொழிலாளர் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் ஓர் ஆலையில் சேர்ந்தேன். இரண்டாண்டு கழித்து வேறிடத்தில் நேர்காணலுக்குப் போனபோது, நான் எலக்ட்ரீசியனாக வேலை செய்ததற்கு என்னிடம் எந்த ஆவணமும் இல்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த தாளில் ‘பொதுப் பணியாளர்’ என்று இருந்தது. என்னோடு படித்து, பயிற்சி முடித்துத் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழோடு வந்த தோழியை அதே நேர்காணலில் எடுத்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணில் அவளைவிட நான் மேல். அந்த ஓராண்டு உதவித்தொகையைச் சேமித்ததாக நினைத்து மூன்று ஆண்டுகளை இழந்தேன். ஆகவே மில்லில் சேர்வதாக இருந்தால், எந்தப் பதவிப்பெயரில் சேர்க்கிறார்கள் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஈரோட்டு அண்ணனின் சந்தேகத்துக்கு என் பதில் இதுதான். ஒரே இடத்தில் நிறுத்துவது நடக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் ஓராண்டு கண்ணைத் திறந்துவைத்திருப்பவர் பார்க்கும் இயந்திரங்களை வீட்டு வயரிங்கில் பத்து ஆண்டு இருந்தாலும் பார்க்க முடியாது. நீங்கள் ஸ்டார்ட்டர் இணைப்புப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை மூன்று கான்டாக்டரும் ஒரு டைமரும் வைத்து இணைத்திருப்பீர்கள். இன்றைக்கு அந்த இடத்தில் வி.எஃப்.டி. எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், அதற்குக் கட்டளை பி.எல்.சி. எனப்படும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து வரும். பழுது என்றால் கம்பி எரிந்த வாடையோ கறுத்த கான்டாக்ட்டோ இருக்காது, திரையில் ஓர் எண் மட்டும் தெரியும். அந்த எண்ணிலிருந்து காரணத்துக்குப் போகத் தெரிந்தவரைத்தான் ஆலைகள் தேடுகின்றன.

ஒரு சின்ன உதாரணம். சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் ஓர் அழுத்த உணரி தவறான அளவு காட்டி இயந்திரம் நின்றது. உணரியையே மாற்றிவிடலாம் என்று இரண்டு பேர் கிளம்பினார்கள். எங்கள் மூத்தவர் சமிக்ஞைக் கம்பியில் மீட்டரை வைத்தார், பூஜ்யம் காட்டியது. அந்தச் சமிக்ஞை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இயங்குவது. அழுத்தமே இல்லாவிட்டாலும் 4 காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். கேபிள் சங்கிலிக்குள் வளைந்து வளைந்து ஒரு கம்பி உள்ளேயே முறிந்திருந்தது. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஏன் அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 4இலிருந்து தொடங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். அன்று மாலையே பி.எல்.சி. வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன், இன்று எங்கள் பிரிவில் பி.எல்.சி.யின் கட்டளைகளைக் காட்டும் லேடர் வரைபடம் படித்துப் பழுது பார்க்கும் நால்வரில் நானும் ஒருத்தி.

உங்கள் மாவட்டத்து நூற்பாலைகளிலும் இப்போது இயந்திரங்கள் இப்படித்தான் மாறியிருக்கின்றன. பயிற்சி முடித்து அதே மில்லுக்கே திரும்பினாலும் உதவியாளராக அல்ல, எலக்ட்ரீசியனாகக் கேட்கலாம். இன்னொன்று, அம்மா கவலைப்படுவார்கள் என்றால் சொல்லுங்கள், ஷிப்ட் வேலை முதல் ஆறு மாதம் உடம்பைப் படுத்தும், பிறகு பழகிவிடும்.


பதில்: ஐ.டி.ஐ. பயிற்றுநர், மதுரை

மேலே சொல்லப்பட்டவற்றோடு நான் ஒத்துப்போகிறேன். விடுபட்டவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் பட்டப்படிப்பிலும் இரண்டாம் ஆண்டில் நுழைய வழி உண்டு. ஐ.டி.ஐ.யோடு தமிழ், ஆங்கில மொழித்தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் தமிழ்நாட்டில் கிடைக்கிறது. இதை என் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் பின்னாளில் பன்னிரண்டாம் வகுப்பைத் தகுதியாகக் கேட்கும் தேர்வு வரும்போதுதான் இதன் அருமை தெரியும். உங்களுக்கு 19 வயதுதான். பயிற்சி ஓராண்டு, பிறகு ஓரிரு ஆண்டு வேலை, அதன்பின் பட்டயம் என்றாலும் 25 வயதுக்குள் முடிந்துவிடும். அப்போது ஈரோட்டு நண்பர் சொன்ன மேற்பார்வையாளர் சான்றிதழும் கைக்கெட்டும்.

கற்பிப்பதில் ஆர்வம் இருப்பவர்களுக்குக் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி என்ற ஓராண்டுப் படிப்பு உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் நடைபெறுகிறது. நான் அந்த வழியில் வந்தவன். அரசு ஐ.டி.ஐ.களில் இளநிலைப் பயிற்சி அலுவலர் பணிக்கு அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் தொழிலில் சில ஆண்டு கை அழுக்கானபின் வருவதே நல்லது. ஆலையைப் பார்க்காமல் நேராக வகுப்பறைக்கு வந்தவர் சொல்லிக்கொடுக்கும்போது, மாணவர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். ரோபோவும் சி.என்.சி. இயந்திரமும் அங்கே இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மையத்தில் குறுகியகாலப் பயிற்சி ஏதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரகடத்துச் சகோதரி பணம் கட்டிக் கற்றதில் ஒரு பகுதியாவது அங்கே கிடைக்கலாம்.


வேடசந்தூர் மாணவர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். திருச்சிக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. ஓராண்டுக்குத் தங்கையின் கட்டணத்தை அத்தை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அதை நான் திருப்பித் தர வேண்டும். கம்பியாளர் சான்றிதழுக்கும் மொழித்தேர்வுக்கும் வேண்டிய தாள்களைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டேன். வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். சொந்தமாக ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன், ஐ.டி.ஐ.யில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைத்தான் பயன்படுத்தினோம். எப்படிப்பட்டதை வாங்க வேண்டும் அக்கா?


பராமரிப்பு டெக்னீஷியன், ஒரகடம்

மிக்க மகிழ்ச்சி தம்பி. தெருவோரக் கடைகளில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரை வாங்கிவிடாதீர்கள், ஆலையின் பேனலில் அது ஆபத்து. மீட்டரின் பாதுகாப்பு வகையைக் குறிக்கும் CAT III, 600 வோல்ட் என்று உடலிலும் ஒயர்களிலும் இரண்டிலும் அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபியூஸ் கண்ணாடிக் குழாயாக இல்லாமல் பீங்கானாக இருக்கட்டும். விலை சற்றுக் கூடும், முதல் மாத உதவித்தொகையில் வாங்கிக்கொண்டாலும் தாமதமில்லை, அதுவரை ஆலையிலேயே கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள், மறுபடி தெரிந்த இடத்துக்கே வந்து பாருங்கள். தெரிந்த இடத்தில் இரண்டு முறையும் மின்சாரம் காட்டி, வேலை செய்யும் இடத்தில் காட்டாமல் இருந்தால் மட்டும் கை வையுங்கள்.